மட்டையோடு உள்ளே போனவர்

அந்த வீட்டில் வெள்ளிக் கோப்பைகளுக்குப் பஞ்சமே இல்லை. ஒன்றில் ஊசியும் நூல்கண்டும் கிடந்தன. இன்னொன்றில் சட்டைப் பொத்தான்கள். காது உடைந்த பெரிய கோப்பை ஒன்று சன்னலோரம் நின்று சாவிக்கொத்தைச் சுமந்துகொண்டிருந்தது. எல்லாம் டென்னிஸில் வாங்கியவை. வீட்டுக்கு வருகிறவர்கள் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்து, "இவ்வளவும் நீங்க ஜெயிச்சதா?" என்று கேட்டால், வீட்டுக்காரர் "ஆமா, ஆமா" என்று சொல்லிவிட்டுப் பேச்சைக் கிரிக்கெட்டுக்குத் திருப்பிவிடுவார். கிரிக்கெட்டில் வாங்கியது என்று காட்ட அவரிடம் ஒரு டம்ளர்கூட இல்லை.

அவருக்குத் தந்தி அலுவலகத்தில் வேலை. நாளெல்லாம் மேசையில் உட்கார்ந்து பித்தளைக் கட்டையைத் தட்டுவார். பிறந்ததும் இறந்ததும், சரக்குக் கப்பல் வந்ததும் வராததும் அவர் விரல் வழியாகத்தான் ஊரை விட்டு வெளியே போகும். வேலை முடிந்தால் ஏதாவது ஒரு மட்டையோடு வெளியே கிளம்பிவிடுவார். ஒரு நாள் கிரிக்கெட் மட்டை, மறுநாள் டென்னிஸ் மட்டை. அதனால் ஊரில் அவரை ரெண்டாட்டம் என்றே கூப்பிட்டார்கள். அவருடைய மாமனார்கூட, "ரெண்டாட்டம் மாப்பிள்ளை வந்தாச்சா?" என்றுதான் கேட்பார்.

ஆனால் அவருடைய ஆசை ஒரே ஆட்டத்தில்தான் இருந்தது. அதிலும் ஒரே ஒரு நடையில்.

பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது, கப்பலேறி வந்த வெளிநாட்டு அணி ஊர் அணியோடு மோதியதை அவர் மரக்கிளையில் உட்கார்ந்து பார்த்தார். ஒருவர் அவுட் ஆனார். வெள்ளை அடித்த சின்னக் கதவு திறந்தது. அடுத்தவர் மட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கையுறையை மாட்டியபடியே, அத்தனை பெரிய புல்வெளியில் தனியாக நடந்து போனார். அதுவரை சளசளத்த கூட்டம் வாயை மூடிக்கொண்டது. அந்த ஆள் எத்தனை ரன் எடுத்தார் என்பது ரெண்டாட்டத்துக்கு மறந்தே போய்விட்டது. அந்த நடை மட்டும் நெஞ்சில் உட்கார்ந்துவிட்டது. வெளிநாட்டு அணி பல வருடங்களுக்கு ஒரு முறைதான் வரும். அடுத்து வரும்போது அந்தக் கதவைத் திறந்துகொண்டு தானும் மட்டையோடு உள்ளே போய்விட வேண்டும். இதுதான் அவர் கேட்டது.

டென்னிஸ் அவரைத் தேடி வந்த ஆட்டம். அலுவலகத்துக்குப் பின்னால் ஒரு டென்னிஸ் களம் இருந்தது. மேலதிகாரியான சூப்பிரண்டுக்கு அந்த ஆட்டம் என்றால் உயிர். அவரோடு ஜோடி சேர்ந்து ஆடிய ஆள் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனதும், அவர் கண் மேசை மேசையாகத் துழாவி ரெண்டாட்டத்தின் மேல் நின்றது.

"உனக்கு மணிக்கட்டு நல்லா சுழலுது. சாயங்காலம் வெள்ளைக் கால்சட்டை போட்டுக்கிட்டு வா."

"சார், நான் கிரிக்கெட் ஆடறவன்."

"பந்துதானே? இங்க வலைக்கு அந்தப் பக்கம் தள்ளணும். அவ்வளவுதான் வித்தியாசம்."

பேரம் வாய்விட்டுப் பேசப்படவில்லை, ஆனாலும் இருவருக்கும் புரிந்தது. சாயங்காலம் டென்னிஸ் ஆடினால், கிரிக்கெட் நாளில் விடுப்பு கிடைக்கும். ரெண்டாட்டம் கிரிக்கெட்டுக்காக டென்னிஸ் ஆடப் போனார். போன இடத்தில் கை பழகிவிட்டது. எதிராளி தலைக்கு மேல் உயரமாகத் தூக்கிவிடும் பந்து வந்தால், வலது காலைப் பின்னால் வைத்து, இடது கையை நீட்டி வானத்தில் பந்தைச் சுட்டிக்காட்டி, வலது கையால் ஓங்கி ஓர் இறக்கு இறக்குவார். பந்து எதிராளியின் காலடியில் குத்தி வேலியைத் தாண்டும். சூப்பிரண்டு அந்த அடிக்காகவே காத்திருப்பார். கோப்பைகள் வீட்டுக்கு வரத் தொடங்கின.

வெளிநாட்டு அணி வரப்போகிறது என்ற செய்தியும் ரெண்டாட்டத்தின் மேசைக்குத்தான் முதலில் வந்தது. அன்று அவர் தட்டிய வேகத்தைப் பார்த்துப் பக்கத்து மேசைக்காரர் யாருக்கு என்ன ஆயிற்று என்று எட்டிப் பார்த்தார். அந்த வாரமே ரெண்டாட்டம் ஒரு புது மட்டை வாங்கினார். ஆளிவிதை எண்ணெய் தடவித் தடவி அதைத் தேன் நிறத்துக்குக் கொண்டுவந்தார். அந்த ஆட்டத்துக்கு மட்டும் என்று சொல்லி, துணியில் சுற்றி அலமாரிக்கு மேல் வைத்தார். மனைவி அண்ணாந்து பார்த்தாள்.

"இன்னும் ஆளே எடுக்கல. அதுக்குள்ள மட்டைக்கு மெத்தையா?"

"எடுப்பாங்க, பாரு."

ஆள் எடுக்க ஒரு தேர்வு ஆட்டம் வைத்தார்கள். ஊர் அணியின் கேப்டன் ஒரு டாக்டர். நோயாளியின் நாடியைப் பார்க்கிற மாதிரியே ஆட்டக்காரர்களையும் கண்ணை மூடிக்கொண்டு எடைபோடுவார் என்று பெயர். ரெண்டாட்டம் பழைய மட்டையோடு இறங்கி அன்று அருமையாக ஆடினார். மட்டை நேராக வந்தது, பந்து தரையோடு போனது. டாக்டர் பக்கத்திலிருந்தவரிடம் தலையாட்டுவதைக்கூட ரெண்டாட்டம் ஓரக்கண்ணால் பார்த்துவிட்டார்.

அப்போதுதான் அந்தப் பந்து வந்தது. பந்து போடுகிறவர் அடிவாங்கி அடிவாங்கிச் சலித்து, ஒரு பந்தைத் தன் காலடியிலேயே ஓங்கிக் குத்தினார். அது எழும்பித் தலைக்கு மேலே வந்தது. கிரிக்கெட்காரன் குனிந்து விட்டுவிட வேண்டிய பந்து. ரெண்டாட்டம் குனியவில்லை. வலது கால் தானாகப் பின்னால் போனது. இடது கை மட்டையை விட்டுவிட்டு வானத்தைக் காட்டி எழுந்தது. வலது கை அந்தக் கனத்த மட்டையைத் தலைக்கு மேலிருந்து இறக்கியது. பந்து மட்டையின் விளிம்பில் பட்டு மேலே போய், ஓர் அடிகூட நகராமல் நின்றவர் கையில் விழுந்தது.

கூட்டத்தில் ஒருவர், டென்னிஸ் புள்ளி சொல்கிற குரலில், "ஃபிஃப்டீன் லவ்" என்றார். மைதானமே சிரித்தது. பந்து போட்டவர் தரையில் உட்கார்ந்து சிரித்தார்.

டாக்டர் சிரிக்கவில்லை. ரெண்டாட்டம் கால்காப்பை அவிழ்க்கும்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"என்னய்யா அது?"

"கை போயிடுச்சு டாக்டர். நான் அனுப்பல."

"அதான் எனக்குப் பயம். வர்றவங்க முன்னாடி இப்படி ஒண்ணு ஆச்சுன்னா, நம்ம பதினோரு பேரையும் சேத்துச் சிரிப்பாங்க."

"ஒரே ஒரு தடவைதானே டாக்டர்."

"ஒரு தடவைதான்யா அவுட் ஆக முடியும்."

பட்டியலில் அவர் இல்லை.

அன்று சாயங்காலம் அவர் டென்னிஸ் களத்துக்குப் போகவில்லை. மறுநாளும் போகவில்லை. மூன்றாம் நாள் சூப்பிரண்டு கூப்பிட்டுக் கேட்டார். இனி டென்னிஸ் ஆடப்போவதில்லை, கை கெட்டுப் போகிறது என்று ரெண்டாட்டம் சொன்னார்.

"கையா? நான் கெடுத்தேனா?" சூப்பிரண்டு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி. மேட்ச் நாள்ல ஸ்கோர் அனுப்ப மேசையில ஒரு ஆள் வேணும். நீதான் விஷயம் தெரிஞ்சவன். நீயே உக்காந்துக்கோ."

பேரம் முறிந்தது என்பதை இதைவிடப் பதமாகச் சொல்ல முடியாது.

கப்பல் வந்தது. ஆட்டமும் நடந்தது. மைதானத்தின் இரைச்சல் காற்றடிக்கும் பக்கமாக அலுவலகச் சன்னல் வரைக்கும் வந்தது. ஸ்கோரைக் கிறுக்கிய துண்டுக் காகிதங்களோடு ஓர் ஆள் மைதானத்துக்கும் அலுவலகத்துக்கும் சைக்கிள் மிதித்தார். வந்ததை வந்தபடி ரெண்டாட்டம் தட்டினார். அவர் இடத்தில் இறங்கியவர் வந்த வேகத்தில் பூஜ்யத்துக்கு அவுட். தந்தி மொழியில் எண்களிலேயே பூஜ்யத்துக்குத்தான் நேரம் அதிகம் பிடிக்கும். ஐந்து முறை நீள நீளமாக அழுத்த வேண்டும். ஒவ்வோர் அழுத்தலுக்கும் அவர் மனசு ஒன்றையே சொன்னது. இந்தப் பூஜ்யமாவது என்னுடையதாக இருந்திருக்கலாம்.

வீட்டுக் கொல்லையில் வைத்தியம் ஆரம்பித்தது. வைத்தியம் பார்த்தவள் மனைவி. பழைய துணியைக் கிழித்து அவர் இடது கையை மட்டைப் பிடியோடு சேர்த்துக் கட்டினாள். பிறகு துவைக்கிற கல் மேல் ஏறி நின்று அவர் தலைக்கு நேராகப் பந்தை எறிந்தாள். குனிந்து விட்டுவிட வேண்டும். அவ்வளவுதான் பாடம்.

"குனிஞ்சேன், பாத்தியா?"

"பாத்தேன். பந்து போய்ச் சுவத்துல பட்டப்புறம் குனிஞ்சீங்க."

"வேகமா எறியறே நீ."

"மெதுவா எறிஞ்சா அடிக்கப் போறீங்க. கல்யாணத்தன்னைக்குக்கூட இந்தக் கையை யாரும் இவ்வளவு கெட்டியா பிடிச்சு வெக்கல. என்ன கையோ."

பக்கத்து வீட்டு மாமி சுவருக்கு மேல் தலையை நீட்டி, "என்னம்மா, ஏதாவது சண்டையா?" என்று விசாரித்தார். "இல்ல மாமி, இவர் கேட்டுத்தான் எறியறேன்" என்றாள் இவள். பிறகு அந்த மாமி கொல்லைப்பக்கமே கொஞ்ச நாள் வரவில்லை.

மெல்ல மெல்லக் கை அடங்கியது. கட்டை அவிழ்த்துவிட்டு எறிந்தாலும் குனியத் தொடங்கினார். அடுத்த முறை அணி வரும்போது தயாராக இருப்பேன் என்று நம்பினார். ஆனால் அடுத்து வந்தது போர். மைதானத்தில் கூடாரங்கள் முளைத்தன. ஆடுகளத்தில் குதிரைகளைக் கட்டினார்கள். வெள்ளைக் கதவை யாரோ விறகுக்குப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். கப்பல்களில் ஆட்டக்காரர்கள் வரவில்லை. ரெண்டாட்டத்தின் விரல் வழியாக வேறு மாதிரிச் செய்திகள்தான் போயின, வந்தன. தேர்வு ஆட்டத்தில் அவருக்கு அந்தப் பந்தைப் போட்டு உட்கார்ந்து சிரித்தாரே, அவருடைய பெயர்கூட ஒரு நாள் வந்தது. அதை எழுதிக் கொடுத்துவிட்டு அவர் வெளியே போய்க் கொஞ்ச நேரம் நின்றார்.

ஆட எதுவும் இல்லாமல் ஒரு நாள் சாயங்காலம் கால் அவரை அலுவலகத்துக்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்தியது. சூப்பிரண்டு, நரைத்துப்போய், களத்தின் ஓரத்தில் தனியாக நின்று அலுவலகச் சுவரில் பந்தை அடித்துக்கொண்டிருந்தார். ரெண்டாட்டத்தைப் பார்த்ததும் ஓர் உபரி மட்டையை எடுத்து நீட்டினார். அதற்குப் பிறகு வந்தவைதான் அந்தக் கோப்பைகளில் பெரும்பாலானவை. நாற்பதை நெருங்கிய வயதில், பையன்களை அங்குமிங்கும் ஓடவைத்து ஜெயித்தார். ஒவ்வொரு கோப்பையையும் கொண்டுவந்து மனைவியிடம் கொடுத்துவிட்டு, அலமாரிக்கு மேலே ஒரு பார்வை பார்ப்பார். துணிச்சுற்று அங்கேயே இருக்கும்.

போர் ஓய்ந்து சில வருடங்கள் கழித்து மறுபடி கப்பல் வந்தது. டாக்டர்தான் அப்போதும் கேப்டன். வயிறு முன்னால் வந்திருந்தது. அணியை விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை. ஒரு நாள் டென்னிஸ் களத்துக்கு வந்து வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஆட்டம் முடிந்ததும் கூப்பிட்டார்.

"உன் கால் இன்னும் அப்படியே இருக்கேய்யா."

"கால்ல என்னைக்கும் குறை இல்ல டாக்டர். கைதான்."

டாக்டர் தரையைப் பார்த்தார். "பன்னெண்டாவது ஆளா வர்றியா? தண்ணி கொண்டுவரணும். யாருக்காவது அடிபட்டா ஃபீல்டிங் நிக்கணும். மட்டை பிடிக்க முடியாது. சட்டம் தெரியும்ல?"

"தெரியும்."

"நான் கேக்கறதே தப்போ என்னவோ."

"வர்றேன் டாக்டர்."

ஆட்டத்தன்று காலையில் அவர் நாற்காலி போட்டு ஏறித் துணிச்சுற்றை இறக்கினார். மனைவி வாசற்படியில் நின்றாள்.

"பன்னெண்டாவது ஆளுக்கு எதுக்குங்க மட்டை?"

"சும்மா. பக்கத்துல இருக்கட்டும்."

அவள் துணியில் படிந்திருந்த தூசியைத் தட்டிவிட்டாள்.

கடைசி நாள் பிற்பகல். ஊர் அணி ரன்னைத் துரத்திக்கொண்டிருந்தது, விக்கெட்டுகள் ஒன்றிரண்டுதான் மிச்சம். டாக்டர் ஒரு முனையில் நங்கூரம் போட்ட மாதிரி நின்றார். ஒரு ரன்னுக்கு ஓடி முடித்தவர் கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். நிற்க முடிந்தது, மட்டை வீச முடிந்தது, ஓட மட்டும் முடியவில்லை. அம்பயர் வந்தார், எதிரணிக் கேப்டன் வந்தார், பேசினார்கள். டாக்டருக்குப் பதிலாக ஒருவர் ஓடலாம். ஆனால் ஓடுகிறவரும் டாக்டரைப் போலவே கால்காப்பும் கையுறையும் மாட்டி, மட்டையோடு வரவேண்டும், கால்காப்பு இல்லாமல் முயல் மாதிரி ஓடக்கூடாது என்றார் எதிரணிக் கேப்டன். டாக்டர் கொட்டகைப் பக்கம் திரும்பிக் கையைக் காட்டினார்.

ரெண்டாட்டத்துக்குக் கால்காப்பின் வார் மாட்டவரவில்லை. பக்கத்திலிருந்தவர்தான் மாட்டிவிட்டார். புதுக் கதவு, ஆனால் அதே வெள்ளை. திறந்தது. மட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கையுறையை மாட்டியபடியே அவர் நடந்தார். புதிதாக யாரோ ஆட வருகிறார் என்று கூட்டத்தில் பாதிப்பேர் நினைத்தார்கள். சளசளப்பு அடங்கியது. எங்கோ ஒருவர் கைதட்டினார். புல் மேல் அவருடைய நிழல் மட்டையோடு முன்னால் போனது.

கால்கள் நேராக ஸ்டம்புக்கு முன்னால் போய் நின்றன. மட்டையை ஊன்றிவிட்டார்.

"அங்க இல்லீங்க," என்றார் பக்கவாட்டில் நின்ற அம்பயர் மெதுவாக. "இப்படித் தள்ளி, என் பக்கத்துல நில்லுங்க."

அவர் தள்ளி நின்றார்.

டாக்டர் அடித்தார், இவர் ஓடினார். ஒரு ரன் என்று எல்லோரும் நினைத்த இடத்தில் இரண்டு ஓடினார். பந்து எறிகிறவனின் தோளைப் பார்த்தே எந்தப் பக்கம் எறிவான் என்று அவருக்குத் தெரிந்தது. எத்தனையோ சாயங்காலங்கள் வலைக்கு எதிரே நின்று படித்த பாடம். ஒவ்வொரு முறையும் மட்டையை நீட்டிக் கோட்டைத் தொட்டார். எண்ணிக்கை டாக்டரின் கணக்கில் ஏறியது.

பிறகு டாக்டர் ஒரு பந்தை இழுத்து அடித்தார். அது மட்டையின் மேல் விளிம்பில் பட்டு, சுழன்றுகொண்டு, ரெண்டாட்டத்தை நோக்கியே வந்தது. தலைக்குச் சற்று மேலே. மெதுவாக. அதன் சிவப்பும் தையலும் தெரிந்தன. அவருக்குப் பின்னால் ஒரு ஃபீல்டர் அதைப் பிடிக்க ஓடிவருகிற காலடிச் சத்தம் கேட்டது. மட்டை அந்தப் பந்தில் பட்டால், ஃபீல்டரைத் தடுத்த குற்றத்துக்கு டாக்டர் அவுட். அது ரெண்டாட்டத்துக்குத் தெரியும். ஆனாலும் வலது கால் பின்னால் போயிருந்தது. தன் இடது கை எழுந்து வானத்தில் பந்தைச் சுட்டிக்காட்டுவதை அவரே பார்த்தார்.

குனிந்தார்.

பந்து தொப்பியை உரசுகிற மாதிரி போய், ஓடிவந்தவரின் விரலுக்கு எட்டாமல் புல்லில் விழுந்தது. "ஓடுய்யா" என்று டாக்டர் கத்தியது கேட்டது. அவர் ஓடினார்.

வெளிச்சம் மங்கி ஆட்டம் வெற்றி தோல்வி இல்லாமல் நின்றது. டாக்டர் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நொண்டியபடி வெளியே வந்தார்.

"கை மேல போனதைப் பாத்தேன். போச்சுடான்னு நினைச்சேன்."

"நானும்தான் டாக்டர்."

டாக்டர் அவர் தோளை ஒரு முறை அழுத்தினார்.

வீட்டுக்குப் போகும் வழியில் ரெண்டாட்டம் அலுவலகத்தில் நுழைந்தார். மேசையில் இருந்த இளைஞர் எழுந்து இடம் கொடுத்தார். "நீங்களே அனுப்புங்கண்ணே, உங்க மேட்ச்சு." காகிதத்தில் டாக்டரின் பெயருக்கு எதிரே நாற்பத்தொன்று, ஆட்டமிழக்கவில்லை என்று இருந்தது.

"அதுல பாதி உங்க கால்ல ஓடினதுண்ணே. கடைசியில ஒரு வார்த்தை சேத்துவிடுங்களேன். பேப்பர்காரங்களுக்கு வேணாம்னா அவங்களே எடுத்துடட்டும்."

ரெண்டாட்டம் கட்டையின் மேல் விரலை வைத்தார். "தாள்ல இருக்கறதைத்தான் அனுப்பணும்," என்றார். அனுப்பினார்.

வீட்டில் மனைவி மட்டையை வாங்கி விளக்குப் பக்கம் கொண்டுபோய்த் திருப்பிப் பார்த்தாள். மட்டையின் முகம் முழுக்கத் தேன் நிறம். பந்து பட்ட ஒரு சிவப்புத் தழும்புகூடக் கிடையாது.

"அடிக்கலையா?"

"இல்ல. ஓடினேன்."

"கீழ இது என்ன, வெள்ளையா?"

"கோட்டைத் தொட்ட எடம். சுண்ணாம்பு."

அவள் முந்தானையை எடுத்துத் துடைக்கப் போனாள். "அதை மட்டும் விட்டுடு" என்றார். அவள் விட்டுவிட்டாள். அவர் எல்லாவற்றையும் சொன்னார். அந்தப் பந்தையும் சொன்னார். அத்தனை பெரிய ஆட்டத்தில் தன்னைத் தேடி வந்தது அது ஒன்றுதான் என்றும், அதற்குக் குனிந்துவிட்டேன் என்றும் சொன்னார்.

"நேரத்துக்குக் குனிஞ்சீங்களா?"

"குனிஞ்சேன்."

அவள் சன்னலோரம் வந்து அவர் பக்கத்தில் நின்றாள்.

"சரி, அடிச்சிருந்தா எங்க போயிருக்கும்?"

அவருடைய இடது கை மெல்ல எழுந்து, எதிர்வீட்டுக் கூரைக்கும் மேலே, இன்னும் முழுதாக இருட்டாத ஓர் இடத்தைச் சுட்டிக்காட்டியது. அவளும் அங்கேயே பார்த்துக்கொண்டு நின்றாள்.